காட்டிக் கொடுத்தவரா, காட்டியவரா?

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் யாரிடமும் போய்க் கண்காணிப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறார்கள். பெயர்ப் பதிவேடு, குறித்த நாளில் ஆட்கணக்கு, க்யூ பிரிவுக் காவலர்களின் விசாரிப்பு. 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்பதை அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, கூலி வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளை இன்னும் எத்தனை காலம் எண்ணிக்கொண்டிருப்பது என்ற கேள்வி எனக்கு உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வந்தது வேறு. முகாமில் இருப்பவருக்குத் தன்னை எண்ணுகிறார்கள் என்பது தெரியும். எண்ணுகிறவரின் முகமும் தெரியும். தப்பு என்று பட்டால் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம், உயர் நீதிமன்றம் போகலாம்.

உங்கள் கைப்பேசியை ஒட்டுக்கேட்டால்? உங்களுக்குத் தெரியவே தெரியாது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு ஒட்டுக்கேட்க அனுமதித்தது. கட்டுப்பாடில்லாமல் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குப் போட, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளை விதித்தது. 2007-ல் அவை விதியாயின. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை: உள்துறைச் செயலாளர் உத்தரவு போடுவார், அது சரியா என்று பார்க்க வேறு சில செயலாளர்கள் கொண்ட குழு கூடும். நீதிபதி யாரும் இல்லை. கேட்கப்பட்டவருக்கு முன்பும் சொல்வதில்லை, பின்பும் சொல்வதில்லை. தேவை முடிந்தால் ஆவணங்களை 6 மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பதும் விதி.

அந்தக் குழு எப்படி வேலை செய்கிறது? 2018-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு பற்றி அறிக்கை கொடுத்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் வரை போடுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வந்திருந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக, ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் பத்து நாள் இரவு பகலாக உட்கார வேண்டும். எந்தச் செயலாளரும் அப்படி உட்காரப் போவதில்லை.

இது தனித்தனி உத்தரவுகளின் கதை. ஆள் பெயரே இல்லாமல், ஊர் முழுவதன் அழைப்பு விவரங்களையும் வாரிக் கொட்டி வைத்துக்கொள்வதுதான் மொத்தக் கண்காணிப்பு. யார் யாரிடம், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் பேசினார்கள் என்பதெல்லாம் அதில் விழும். பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது, நீதிமன்றத்துக்குத் தெரியாது, நாடாளுமன்றத்துக்குத் தெரியாது. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் வாய் திறந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். இப்படி வாய் திறந்து ரகசியத்தை வெளியே சொன்னவருக்கு மன்னிப்பு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

2013 ஜூன் மாதம் அப்படி வாய் திறந்தவர் எட்வர்ட் ஸ்நோடென். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்காக ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மூலம் வேலை பார்த்தவர். அதற்கு மூன்று மாதம் முன்புதான், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவுகளைச் சேகரிக்கிறீர்களா என்று செனட் குழுவில் நேருக்கு நேர் கேட்டபோது, தேசிய உளவுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்று சொல்லியிருந்தார். ஸ்நோடென் கொடுத்த முதல் ஆவணமே அந்தப் பதிலைப் பொய்யாக்கியது. ஒரு தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர் அத்தனை பேரின் அழைப்பு விவரங்களையும் நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. கிளாப்பர் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. ஸ்நோடென் மேல் 1917-ன் உளவுச் சட்டத்தில் வழக்கு வந்தது.

அந்த ஆவணங்களில் நாமும் இருந்தோம். 2013 மார்ச் என்ற ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தகவல் துணுக்குகள் 630 கோடி. உலக நாடுகளில் ஐந்தாம் இடம். அப்படிப் பார்த்தால் ஸ்நோடெனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நாடுகளில் ஒன்று இந்தியா. அவர் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தபோது 2013 ஜூலை 2-ல் மறுத்த நாடுகளிலும் ஒன்று. இன்று அவர் ரஷ்யக் குடிமகன். ரஷ்யாவில் இருப்பதாலேயே அவர் துரோகி என்கிறார்கள். அவருடைய கடவுச்சீட்டை அமெரிக்கா முடக்கியதால் மாஸ்கோ விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவர் வெளிப்படுத்திய தொலைபேசித் திட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2015 மே மாதமும், அது சட்டவிரோதம் என்று 2020 செப்டம்பரிலும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2015 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டத்தை மாற்றியது. திருட்டு நடந்தது உண்மை என்று தீர்ப்பும் வந்துவிட்டது. கூச்சல் போட்டவர் மட்டும் இன்னும் குற்றவாளிக் கூண்டை எதிர்பார்த்து நிற்கிறார்.

இனி மன்னிப்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் ‘கருணை மனு’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அரசியல் சட்டத்தின் 72-ஆம் கூறு குடியரசுத் தலைவருக்கும், 161-ஆம் கூறு ஆளுநருக்கும் அந்த அதிகாரத்தைத் தருகிறது. இரண்டும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவை. அரசு ரகசியத்தை வெளியிட்டதற்கான வழக்கு 1923-ன் அலுவல் ரகசியச் சட்டத்தில் வரும். அது மத்தியச் சட்டம் என்பதால் மனு போக வேண்டிய இடம் குடியரசுத் தலைவர்.

அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கொடுக்க அதிகாரம் இல்லாத ஆவணத்தைக் கொடுத்தாயா? அந்த ஆவணத்தில் இருந்தது அரசின் அக்கிரமமா என்பதை அது கேட்பதில்லை. பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதாட அதில் இடமே இல்லை. மூன்று ஆண்டுவரை சிறை. உளவு என்று 3-ஆம் பிரிவில் போட்டால் 14 ஆண்டுவரை போகும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. அமெரிக்க அதிபர் வழக்குக்கு முன்பே மன்னிக்கலாம். 1974-ல் ஜெரால்டு ஃபோர்டு, ரிச்சர்ட் நிக்சனை அப்படித்தான் மன்னித்தார். நம் அரசியல் சட்டமோ ‘குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்’ என்று எழுதியிருக்கிறது. ஆகவே நம் ஊரில் ஒரு ஸ்நோடென் கிளம்பினால், மன்னிப்பு அவரை எட்டுவதற்குள் கைது, பணியிடை நீக்கம், ஜாமீன், வாய்தா எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன் காப்பாற்ற அரசு விரும்பினால், வழக்கை வாபஸ் வாங்குவதுதான் வழி. பிரிட்டனில் அப்படி ஒன்று நடந்தது. ஐ.நா. பாதுகாப்பு அவை உறுப்பினர்களை ஒட்டுக்கேட்கச் சொன்ன அமெரிக்கக் குறிப்பை 2003-ல் வெளியிட்ட கேத்தரின் கன் என்ற ஊழியர் மீதான வழக்கில், 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பு சாட்சியமே வைக்காமல் விலகிக்கொண்டது.

தமிழ்நாட்டில் 2008-ல் நடந்ததையும் பாருங்கள். அன்றைய தலைமைச் செயலாளரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் தொலைபேசியில் பேசிய பதிவு ஏப்ரலில் பத்திரிகையில் வெளிவந்தது. பின்னாளில் சவுக்கு சங்கர் என்று அறியப்பட்ட அத்துறை ஊழியர் ஜூலையில் கைதானார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவரை நீதிமன்றம் விடுவித்தது 2017-ல். அவருடைய பின்னாள் அரசியல், பேச்சு பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். குற்றவாளி என்று தீர்ப்பு வராத ஒருவர் ஒன்பது ஆண்டு வழக்கோடு வாழ்ந்தார். இப்படிப்பட்டவருக்குக் கருணை மனு எதற்கும் உதவாது. மன்னிக்க அங்கே தண்டனையே இல்லை.

சரி, தீர்ப்பு வந்த பிறகாவது கருணை வேகமாக வருமா? இதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். பூந்தமல்லி போதும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம் பூந்தமல்லியில் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று அங்கேதான் தீர்ப்பானது. அதில் ஒருவர், 19 வயதில் கைதான பேரறிவாளன். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. 1999-ல் உச்ச நீதிமன்றம் 4 பேரின் தூக்கை உறுதி செய்தது. அவரும் அதில் உண்டு. குடியரசுத் தலைவரிடம் போன கருணை மனு பதினோரு ஆண்டு கிடந்து 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டியே 2014 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018 செப்டம்பர் 9-ல் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் அது கிடந்தது கிடந்தபடி இருக்க, கடைசியில் 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே 142-ஆம் கூறைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. 31 ஆண்டு.

ஒட்டுக்கேட்பு பற்றிய கட்டுரையில் இந்த வழக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இதற்குள் ஓர் அதிகாரி இருக்கிறார். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. கண்காணிப்பாளர் வி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பின் 2013-ல் ஓர் ஆவணப்படத்தில் பேசினார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அந்தப் பையன் சொன்னதை வாக்குமூலத்தில் தான் எழுதவில்லை என்றார். பிறகு உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார். ஒரே ஒரு வாக்கியம். அது வெளியே வர 22 ஆண்டு ஆனது. அதற்குள் ஒருவர் பலமுறை தூக்குமேடையின் நிழலுக்குப் போய்த் திரும்பிவிட்டார்.

தியாகராஜன் பணியில் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டாமா என்று கோபம் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் பணியில் இருக்கும் அதிகாரி அதைப் போய் யாரிடம் சொல்வார்? சொன்னால் மறுநாள் அவர் நிலைமை என்ன? ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்பது சும்மா வந்த வழக்கு அல்ல. பென்ஷன் கைக்கு வந்த பிறகுதான் நம் அதிகாரிகளுக்கு உண்மை நினைவுக்கு வருகிறது என்றால், அதற்கு முன்பு பேசுகிறவரைக் காக்க எதுவும் இல்லை என்று பொருள்.

எதுவும் இல்லையா? ஒரு சட்டம் இருக்கிறது. அதன் கதை கும்மிடிப்பூண்டி வழியாக ஓடும் சாலையோடு சேர்ந்தது. சென்னையிலிருந்து கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் சோதனைச் சாவடியைக் கடந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலை, தங்க நாற்கரத் திட்டத்தில் ஒரு பக்கம். அதே நாற்கரத்தின் இன்னொரு பக்கத்தில், பீகாரில் பொறியாளராக இருந்தவர் சத்யேந்திர துபே. ஒப்பந்தத்தில் நடக்கும் முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். மொட்டைக் கடிதாசி என்று குப்பையில் போட்டுவிடுவார்களே என்பதற்காகத் தன் விவரத்தையும் கொடுத்து, பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு துறை துறையாகப் போய்ச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று சி.பி.ஐ. முடிவு செய்தது, 2010-ல் மூன்று பேரை நீதிமன்றம் தண்டித்தது. கொலைக்குக் காரணம் எதுவானாலும், நம்பிக் கொடுத்த பெயரை அரசு காக்கவில்லை என்பதில் சந்தேகமில்லை.

அந்த அதிர்ச்சியில் 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ரகசியமாக எழுதலாம் என்பது அது. முழுச் சட்டம் வர மேலும் பத்து ஆண்டு. முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே 9-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அலுவல் ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும், உரிய அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை அரசு அறிவிக்க வேண்டும். இன்றுவரை அறிவிக்கவில்லை. 2015-ல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்து, ரகசியச் சட்டத்திலிருந்து கொடுத்த அந்த விலக்கையே எடுக்கப் பார்த்தார்கள். மக்களவையில் நிறைவேறிய அது 2019-ல் காலாவதியானது. தாய்ச் சட்டம் தூங்கிக்கொண்டே இருக்கிறது.

இதற்கிடையே 2023 ஏப்ரல் 25 அன்று, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணலுக்கே இந்தக் கதி.

மறுதரப்பு வாதத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் நன்றாகவே சொல்வார்கள்: ரகசியம் என்று சில இருக்கத்தான் வேண்டும். அர்ஜுன் டாங்கியின் கவசம் எத்தனை தடிமன் என்பதைத் தெருவில் சொல்லக் கூடாது. அதைச் சொல்கிறவரை மன்னிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஸ்நோடென் விஷயத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உளவுக் குழு 2016-ல் சொன்னதும் இதுதான்: அவர் எடுத்துப்போன ஆவணங்கள் 15 லட்சம், அவற்றில் பெரும்பகுதிக்கும் மக்களின் அந்தரங்கத்துக்கும் சம்பந்தமில்லை. கனமான வாதம் இது. அதற்கு நான் சொல்லும் பதில், அவர் எடுத்ததைப் பத்திரிகையாளர்களிடம்தான் கொடுத்தார் என்பது. எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்று அவர்கள் பொறுக்கித்தான் வெளியிட்டார்கள்.

உள்ளேயே மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாமே என்பது அடுத்த வாதம். சொன்னவரின் கதை தெரியும். ஸ்நோடென் வேலை பார்த்த அதே தேசியப் பாதுகாப்பு முகமையில் மூத்த அதிகாரியாக இருந்த தாமஸ் டிரேக், மேலதிகாரிகளிடமும் உள் தணிக்கையாளரிடமும் நாடாளுமன்றக் குழுவிடமும் முறையாகப் போய்ச் சொன்னார். அதன் பிறகே பத்திரிகையிடம் பேசினார். 2010-ல் அவர் மேல் பத்துக் குற்றச்சாட்டுகள். அடுத்த ஆண்டு எல்லாம் சரிந்து, ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தார். வேலை போனது போனதுதான். கணினிக் கடையில் விற்பனையாளராக நின்றார். ஸ்நோடென் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

மன்னித்தால் நாளைக்கு எல்லாரும் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்ற பயமும் உண்டு. செயற்கைக்கோள் படங்களை ஓர் இதழுக்குக் கொடுத்ததற்காக உளவுச் சட்டத்தில் 1985-ல் தண்டிக்கப்பட்ட சாமுவேல் மாரிசனை, 2001-ல் கிளின்டன் முழுதாக மன்னித்தார். வானம் இடிந்து விழவில்லை. என்னை வருத்துவது வேறொரு மன்னிப்பு. அனுமதியில்லாமல் வீடு புகுந்து தேட உத்தரவிட்ட இரண்டு எஃப்.பி.ஐ. உயரதிகாரிகள் 1980-ல் தண்டிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ரீகன் அவர்களை மன்னித்தார். நாட்டின் நன்மையை எண்ணிச் செய்தார்கள் என்பது காரணம். சட்டத்தை மீறிக் கண்காணித்தவருக்கு நல்ல நோக்கம் போதுமென்றால், அந்த மீறலை வெளியே சொன்னவருக்கும் அது போதும்.

ஆகவே என் பதில்: மன்னிக்க வேண்டும். வெளிப்படுத்தியது சட்டமீறல் என்று நிறுவப்பட்டிருக்க வேண்டும்; காசுக்கோ வேற்று நாட்டுக்கோ விற்றிருக்கக் கூடாது; வெளியிட்டதில் கவனம் இருந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அவர் காட்டிக் கொடுத்தவர் அல்ல, காட்டியவர். ஸ்நோடெனை அந்தப் பக்கத்தில்தான் வைக்கிறேன். ஆனால் 2014 சட்டத்துக்கு ஒரு தேதி குறிப்பதும், ரகசியச் சட்டத்தில் பொதுநலன் என்று வாதாட இடம் வைப்பதும் நடந்தால், இந்த மன்னிப்புக்கே பெரும்பாலும் வேலை இருக்காது. பூந்தமல்லியிலிருந்து புறப்பட்ட ஒரு கருணை மனு எத்தனை ஆண்டு நடந்தது என்று பார்த்தவர்கள், இன்னொருவரை அந்த வரிசையில் நிற்கச் சொல்லக் கூடாது.

இன்றைக்கு ஒரு மத்திய அரசு ஊழியரோ பொதுத்துறை ஊழியரோ, ஆவடியிலோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ ஒரு முறைகேட்டைப் பார்த்தால் என்ன செய்யலாம்? 2004 தீர்மானம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடிதத்தை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு எழுதி, உறையை ஒட்டி, மேலே ‘பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் புகார்’ என்று குறிப்பிட வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் கடிதத்துக்குள் இருக்கட்டும். உறையின் மேல் எழுதாதீர்கள். அனுப்புநர் முகவரி இல்லாவிட்டாலும் இந்த உறையை வாங்கிக்கொள்ளும்படி தபால் துறைக்கு உத்தரவு உண்டு. பெயரே இல்லாத மொட்டைக் கடிதத்தை ஆணையம் எடுத்துக்கொள்ளாது. நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பினால் பாதுகாப்பு கிடைக்காது. புகார் ஊழலைப் பற்றியோ பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதைப் பற்றியோ இருக்க வேண்டும்.

மாநில அரசு ஊழியருக்கு இந்த உறை பொருந்தாது. எளாவூர் சாவடியில் இருப்பவருக்கும், காவல் துறையில் ஒட்டுக்கேட்புக் கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும், 2014-ல் ஒப்புதல் பெற்ற சட்டம் நடைமுறைக்கு வந்தால்தான் எழுத ஒரு முகவரி கிடைக்கும்.